கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள்

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. நான் பதில் எழுதத் தாமதமானதற்கு எண்ணெய் வண்ணம்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் எழுந்திருக்க இருட்டிவிடுகிறது.

ஓவிய வகுப்பில் சேர்ந்ததை எழுதியிருந்தேனே, ஆசிரியர் முதல் வேலையாக ஒரு பழைய ஓவியத்தைப் பார்த்து அப்படியே வரையச் சொன்னார். பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே 1857-ல் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்களை எடுத்துக்கொண்டேன். அறுவடை முடிந்த கோதுமை வயலில் மூன்று பெண்கள் சிந்திய கதிரைப் பொறுக்குகிறார்கள், அவ்வளவுதான் படம். அசல் பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 84 செ.மீ. உயரம், 110 செ.மீ. அகலம். என்னுடையது அதில் பாதி. அச்சுப் படத்திலும் கேன்வாஸிலும் 48 கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஏற்றினேன்.

முதலில் பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து வெளிச்சமும் நிழலும் மட்டும் போட வேண்டும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பூச்சிலும் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். நான் அவசரப்பட்டு வானத்துக்கு முதல் பூச்சிலேயே ஆளிவிதை எண்ணெயை ஊற்றிவிட்டேன். சில நாளில் மேலே பாலாடை மாதிரி சுருங்கிக்கொண்டது. சுரண்டிவிட்டு மறுபடி போட்டேன்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது இடது ஓரத்துப் பெண். ஒரு கை தரைக்கு நீண்டிருக்கிறது. மறு கை முதுகுக்குப் பின்னால், பொறுக்கிய கதிரோடு. மூன்று தடவை வரைந்தேன், மூன்று தடவையும் யார் காலிலோ விழப் போகிறவள் மாதிரிதான் வந்தது. ஆசிரியர் என்னையே ஐந்து நிமிடம் அப்படிக் குனிந்து நிற்கச் சொன்னார். நின்றேன். இரண்டாவது நிமிடத்தில் தொடையின் பின்பக்கம் இழுக்கிறது, இடுப்பு தானாகப் பின்னால் போகிறது, முழங்கால் மடிகிறது. அதன்பிறகு போட்ட கோட்டில் அவள் கதிர் பொறுக்கினாள்.

அப்புறம் பின்னணி. தூரத்தில் மலைபோல் கோதுமைப் போர், பாரம் ஏற்றிய வண்டி, அறுவடை ஆட்கள், குதிரைமேல் கண்காணி. எல்லாம் விரல் நகத்தளவுதான், ஆனால் யெல்லோ ஆக்கரும் வெள்ளையும் அங்கேதான் அதிகம் செலவானது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வெளிச்சமும் விளைச்சலும் அந்தப் பக்கம். குனிந்த இரண்டு முதுகும் அடிவானத்தைத் தாண்டவே இல்லை, கையில் ஒரு பிடிக் கதிர். ஏழைத் தொழிலாளர்களும் தெருவில் இறங்கிய 1848 புரட்சி நடந்து பத்து வருடம்கூட ஆகாத பாரிசில் இந்தப் படத்தைக் கண்டு வசதியானவர்கள் ஏன் எரிச்சல்பட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஏழைப் பெண்களைப் பெரிதாக முன்னால் நிறுத்தியதே படம் சொன்ன பேச்சுதான், ரங்கா.

டச்சு ஓவியர் வான்கோவும் 1889-ல் பிரான்சின் சான் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது மில்லேயின் படங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார், அதுவும் கறுப்பு வெள்ளை அச்சை வைத்துக்கொண்டு. வண்ணம் முழுக்க அவருடையது. எனக்கு அசலின் நீலத் தலைத்துணிக்கே மூன்று நாள் ஆனது. அல்ட்ராமரினை அப்படியே வைத்தால் கண்ணை உறுத்துகிறது. துளி அம்பர் சேர்த்த பிறகு அடங்கியது.

தை மாதம் குடும்பத்தோடு வா. நன்றாகக் காய்ந்த பிறகுதான் வார்னிஷ் பூச வேண்டும், அதற்கு ஆறு மாதமாவது ஆகும். அதனால் படம் வரைபலகைத் தாங்கியிலேயே இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். அறுப்பு முடிந்ததும் அம்மா கதிர் பொறுக்கப் போவார், நாம் பின்னாலேயே ஓடுவோமே. பொறுக்கியதை மடியில் கட்டிக்கொள்வாரா, இந்தப் பெண்ணைப் போல முதுகுப் பக்கம் பிடித்துக்கொள்வாரா? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அம்மாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
சேகர்