அதே மேசை, அதே நேரம், ஆனால் ஃப்ரீலான்ஸா?

அன்புள்ள பாப்பா,

போனில் பேசினால் நடுவில் உன் அம்மா புகுந்து வேறு கதைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள், அதனால்தான் எழுதுகிறேன். உன் ஆபீஸ் விஷயம். அடுத்த மாதத்திலிருந்து உன்னை ஃப்ரீலான்ஸ் ஆக்குகிறார்கள், 4,000 வெள்ளிக்குப் பதில் 4,200 தருவார்கள், மற்றபடி எதுவும் மாறாது என்றாய். அந்த "எதுவும் மாறாது" என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அதே மேசை, அவர்களுடைய கம்ப்யூட்டர், காலை ஒன்பதரைக்கு உள்ளே இருக்கணும், நீ எடிட் செய்த வீடியோவை மேனேஜர் பார்த்து ஓகே சொல்லணும், வெளி வேலை எடுக்கக் கூடாது. இதில் நீ எங்கே சொந்தமாகத் தொழில் செய்கிறாய்?

நானும் சுயதொழில்காரன்தான், மறந்துவிடாதே. டாக்ஸி ஓட்டிய காலம் முழுக்க எனக்கு முதலாளி கிடையாது. வண்டி கம்பெனியுடையது, தினசரி வாடகை கட்டணும், டீசல் என் காசு, காய்ச்சலில் படுத்தாலும் வாடகை நிற்காது, எனக்குப் பதில் ஓட்ட ரிலீஃப் டிரைவர் கிடைத்தால் பிழைத்தோம். ஆனால் தைப்பூசத்தை எடுத்துக்கொள். சிங்கப்பூரில் 1968ல் அதைப் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்த பிறகு ஆபீஸ் போகிறவர்கள் எல்லாரும் லீவு போட்டுத்தான் வரவேண்டியிருக்கிறது. நான் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை ரிலீஃப் டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடத்தோடு நடப்பேன், ஏன் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. நஷ்டமும் என்னுடையது, முடிவும் என்னுடையது. உனக்கு நஷ்டத்தை மட்டும் பிரித்துக் கொடுக்கிறார்கள். நம்பாவிட்டால், அடுத்த தைப்பூசத்துக்கு அவர்களிடம் லீவு கேட்கணுமா என்று கேட்டுப் பார். கேட்கணும் என்பார்கள், சம்பளமும் கிடையாது என்பார்கள்.

சரி, காசுக்கு வருவோம். இப்போது உன் 4,000த்தில் மத்திய சேம நிதிக்கு, அதாவது ஓய்வுகாலத்துக்கும் வீட்டுக்கும் மருத்துவத்துக்குமான கட்டாயச் சேமிப்புக்கு, 20 விழுக்காடு பிடித்து 3,200 கையில் வருகிறது, அதனால் 4,200 என்றதும் மாதம் ஆயிரம் வெள்ளி கூடக் கிடைக்கிற மாதிரி தெரியும், மாப்பிள்ளையும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார். ஆனால் உன் 800 வெள்ளிக்கு மேல் முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு, அதாவது 680 வெள்ளி போடுகிறார். மொத்தம் 1,480. அதில் 920 வெள்ளி உன் வயதுக்குச் சேம நிதியின் சாதாரணக் கணக்குக்குப் போகிறது, அங்கிருந்துதான் பொங்கோல் வீட்டுத் தவணையில் உன் பங்கு கழிகிறது. ஃப்ரீலான்ஸ் ஆனால் இதெல்லாம் நின்றுவிடும், இனி அந்தத் தவணையை ரொக்கமாக எடுத்து வைக்கணும். சேம நிதியில் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கு மட்டும் உன்னை விடாது, சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் கட்டியே ஆகணும், உனக்கு அது 8 விழுக்காடு, மாதத்துக்கு 336 வெள்ளி வரும். அப்புறம் மருத்துவ விடுப்பு, ஆண்டு விடுப்பு, வருடக் கடைசி போனஸ், எல்லாம் போச்சு. நேற்று வரைக்கும் உனக்காக மாதம் 4,680 செலவு செய்தவர்கள் இன்றைக்கு 4,200 கொடுத்துவிட்டு, சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தோம் என்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு விஷயம். ஒப்பந்தத்தில் உன்னை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து மனிதவள அமைச்சு முடிவு செய்யாது. வேலை நேரத்தையும் முறையையும் யார் தீர்மானிக்கிறார்கள், கருவியும் இடமும் யாருடையது, லாப நஷ்டம் யார் தலையில், இதையெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். உன் விஷயத்தில் பாதிக்கு மேல் கேள்விக்குப் பதில் "கம்பெனி" என்றுதான் வரும், அதாவது நீ இன்னும் ஊழியர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. டெலிவரி ஓட்டுகிற பையன்களுக்குக்கூட 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து தனிச் சட்டம் வந்து, வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு, 1995லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குச் சேம நிதியும் கட்டாயம் என்று ஆகிவிட்டது. டிகிரி முடித்து ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற உனக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. உன் சிநேகிதி ஒருத்தி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்றாயே, அவளிடம் போன மாதம் எத்தனாம் தேதி காசு வந்தது என்று விசாரி.

நீ தனியாகத் தொழில் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை, உன் அம்மா சொல்வாள், நான் சொல்லமாட்டேன். உண்மையிலேயே இறங்குகிறாய் என்றால் முழுசாக இறங்கு. உன் சொந்த லேப்டாப், உன் விலை, குறைந்தது மூன்று நாலு வாடிக்கையாளர், வேலை தொடங்கும் முன்னே பாதிப் பணம். அடையாள அட்டையில் இருக்கிற உன் முழுப் பெயரிலேயே செய்தால் வியாபாரப் பதிவுகூடத் தேவைப்படாது. வரவு செலவுச் சீட்டுகளை ஐந்து வருஷம் வைத்திருக்கணும், வரித்துறை கேட்கும். யாராவது காசு தராமல் இழுத்தடித்தால் 20,000 வெள்ளி வரைக்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், வக்கீல் வேண்டாம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போகணும். இப்போது இருக்கிற கம்பெனியும் உன் வாடிக்கையாளர்களில் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு வீடியோவுக்கு இவ்வளவு என்று நீ விலை சொல்லு. மாதச் சம்பளம் மாதிரிதான் தருவோம், ஒன்பதரைக்கு வரணும் என்றால், அப்போது சேம நிதியையும் கட்டு என்று மரியாதையாகச் சொல்லிவிடு.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதே, ஒரு வாரம் டைம் கேள். ஒப்பந்த நகலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, எழுத்து பொடியாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டு அங்கிள் யூனியனில் இருந்தவர், அவரிடம் காட்டுகிறேன். பழைய சம்பளச் சீட்டுகளையும், ஒன்பதரைக்கு வரச்சொல்லி மேனேஜர் அனுப்பிய மெசேஜ்களையும் இப்போதே எடுத்து உன் சொந்தக் கணக்கில் போட்டு வை. ஆபீஸ் ஈமெயிலை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மூடிவிடுவார்கள்.

அப்பா