அடிக்கட்டையை என்ன செய்வது என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க அதே நினைப்பு. சனிக்கிழமை மரம் வெட்ட வருகிறவர், இரண்டு மரத்தையும் தரையோடு அறுத்து விட்டுவிடவா, இல்லை மெஷின் வைத்து அடிக்கட்டையை அரைத்து எடுத்துவிடவா என்று கேட்கிறார் என்றாய். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாதம்மா. வாசல் நடைபாதை ஓரத்தில் பட்டுப்போய் நிற்கிறதே, அதை அரைத்து எடுக்கச் சொல். பின்பக்கச் சரிவில் கூரைமேல் சாய்ந்து நிற்பதைத் தாழ அறுத்து, வேரைத் தொடாமல் விடச் சொல்.

நம் கொல்லை மரத்தை வெட்டியபோது நீ விடுதியில் இருந்தாய். தரையோடு அறுத்தால் போதும் என்று சொன்னது நான்தான். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடிந்தது. அன்று பார்க்கையில் மண்ணும் கட்டையும் ஒரே மட்டமாகத்தான் இருந்தன. இரண்டு மழைக்காலம் போனது. சுற்றியிருந்த மண் கரைந்து கீழே இறங்கியது, கட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. நாலு விரல் உயரம் மேலே வந்துவிட்டது, அதையும் புல் மூடிவிட்டது. ஒருநாள் பொழுது சாயும் நேரம் உன் தாத்தா அதில் கால் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். உனக்குப் பரீட்சை நேரம், அதனால் வழுக்கி விழுந்தார் என்று மட்டும் சொன்னோம். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை என் மனதில் கிடக்கிறது. இடுப்பளவு கட்டை கண்ணில் படும், விலகிப் போவோம். தாழ வெட்டிய கட்டைதான் ஆபத்து. ஆள் நடமாடும் இடத்தில் அதை விட்டுவைக்காதே.

அரைக்கும் மெஷின் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டால் அவரிடம் சரியாகப் பேசி வேலை வாங்கலாம். கெட்டியான கார்பைடு பற்கள் பதித்த ஒரு சக்கரம் வேகமாகச் சுழலும். அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி, கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே கீழே இறங்குவார்கள். சாதாரணமாக 15 முதல் 30 செ.மீ. ஆழம் வரை போவார்கள். எவ்வளவு ஆழம் என்பதை வேலை தொடங்குமுன் நீதான் சொல்ல வேண்டும். புல் போடுவதென்றால் 15 செ.மீ. போதும். நீ அங்கே வேறு கன்று வைக்க ஆசைப்படுகிறாய், ஆகவே 30 செ.மீ.க்குக் குறையாமல் கேள். அப்போதும் நடுக்கட்டைதான் போகும். பக்கத்தில் ஓடிய வேர்கள் மண்ணுக்குள்ளேயே கிடந்து பல வருஷம் மக்கும், மேலே மண் மெல்லப் பள்ளம் விழும். என்றைக்காவது அந்த இடத்தில் சுவரோ சிமென்ட் தளமோ போடும் எண்ணம் இருந்தால் அரைப்பது போதாது. தூரோடு தோண்டி எடுத்து, மண் கொட்டி இறுக்க வேண்டும்.

தோண்டி எடுப்பதென்று முடிவானால் மரத்தைத் தாழ அறுக்கவே கூடாது. மூன்று நாலடிக் கட்டையாக விட்டால்தான் கயிறு கட்டி அசைத்துப் பிடுங்கப் பிடி இருக்கும். அரைப்பதற்கோ இதற்கு நேர்மாறு, எவ்வளவு தாழ அறுக்கிறார்களோ அவ்வளவு வேலை மிச்சம். அதனால்தான் சொல்கிறேன், ரம்பம் மரத்தில் படுமுன்பே அந்த இடத்தை என்ன செய்யப்போகிறாய் என்று முடிவு செய்துவிடு. பின்னால் மனசு மாறினால் இரட்டை வேலை.

அரைத்து முடித்ததும் மரச்சீவலும் மண்ணும் கலந்த ஒரு குவியல் கிடக்கும். குழியைவிடப் பெரிதாக இருக்கும். அதையே குழியில் தள்ளி மூடிவிட்டுப் போகத்தான் பார்ப்பார்கள். விடாதே. மரச்சீவலில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், நீ வைத்த கன்று பட்டினியில் மஞ்சள் பாரித்து நிற்கும். சீவலை வாரி வெளியே எடுத்து, நல்ல மண்ணைக் கொஞ்சம் மேடாகவே கொட்டு, அது தானாக அமுங்கும். எடுத்த சீவலை வீணாக்க வேண்டாம், மற்ற செடிகளைச் சுற்றி மேலே பரப்பு. மண்ணோடு கலக்காமல் மேலே கிடந்தால் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, ஈரம் காக்கும். ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்காதே, வீட்டுச் சுவர் ஓரத்திலும் போடாதே. ஈர மரம் கறையானுக்கு அழைப்பு.

இதெல்லாம் அந்த மரம் ஏன் பட்டுப்போனது என்பதைப் பொறுத்தது. வெட்டுமுன் அடியில் குனிந்து பார். தூரில் காளான் கூட்டமாக முளைத்திருக்கிறதா? பட்டையை உரித்தால் உள்ளே வெள்ளைத் தோல் போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா? ஆர்மில்லாரியா என்ற பூஞ்சை அப்படித்தான் இருக்கும். கட்டையிலும் வேரிலும் வாழ்ந்து, மண்ணுக்குள்ளேயே அடுத்த மரத்துக்குப் போய்விடும். அப்படி இருந்தால் பெரிய வேர்களையும் முடிந்தமட்டும் தோண்டி எடுக்க வேண்டும், சீவலைத் தோட்டத்தில் எங்கும் பரப்பக் கூடாது, புதுக்கன்றையும் அங்கே வைக்கக் கூடாது. பூஞ்சை இல்லாவிட்டாலும் கன்றைப் பழைய குழியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைப்பது நல்லது.

சரிவில் நிற்பதற்கு வருகிறேன். அந்த மண்ணைப் பிடித்திருப்பது அதன் வேர்தான். மெஷினால் கிளறினால் முதல் பெருமழையில் மண் இறங்கும். அது உயிருள்ள மரம், தாழ அறுத்தாலும் துளிர்க்கும் என்றே நினைக்கிறேன். தென்னை, பைன் மாதிரியானவை வெட்டினால் அதோடு சரி. வேம்பு, தைலமரம் போன்றவை வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டு மறுபடி மறுபடி தழைக்கும். நம் கொல்லைக் கட்டையே இரண்டு வருஷம் துளிர் விட்டது. துளிரைப் பிஞ்சிலேயே ஒடித்துக்கொண்டே இருந்தேன், கடைசியில் வேர் களைத்துப்போய் நின்றது. உனக்கு அங்கே அந்த அவசரம் வேண்டாம். துளிரை விட்டு, கூரைக்கு எட்டாமல் அவ்வப்போது கழித்துவிடு. வேர் உயிரோடு இருக்கும்வரை சரிவும் நிற்கும். மருந்து தடவிக் கொன்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. வேர் செத்தால் சில வருஷத்தில் மக்கி அதன் பிடி போய்விடும். அதோடு, ஒரே இன மரங்கள் பக்கத்தில் இருந்தால் வேரோடு வேர் ஒட்டியிருக்கக்கூடும், மருந்து அதற்கும் போகும்.

தாழ அறுக்குமுன் அடியைச் சுற்றி மண்ணையும் கல்லையும் விலக்கி, பட்டையைத் துடைத்துக் கொடுக்கச் சொல். மண் பட்டால் செயின் ரம்பம் மழுங்கும். ரம்பத்தின் நுனி கல்லில் மோதினால் அறுப்பவர்மேலேயே எகிறும். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. அரைக்கும்போது கல் தெறிக்கும், குழந்தையை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்.

வாசல் பக்கம் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ மண்ணுக்குள் எந்த வழியாகப் போகிறது என்று உனக்குத் தெரியவில்லை என்றாய். அது தெரியாமல் மெஷினை இறக்கவிடாதே, ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. நாளைக்கே விசாரி. மரத்தடியைக் கிட்டத்தில் இரண்டு போட்டோ எடுத்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து அனுப்பு. வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா