சேம்பும் ஹேசல்நட்டும்

ஆசிரியருக்கு,

சேப்பங்கிழங்கையும், குளிர்நாட்டுக் கொட்டை மரமான ஹேசல்நட்டையும் அருகருகே நட நினைப்போருக்கு ஒரு வார்த்தை: இவை பக்கத்துப் பாத்தியில் வளரும் ஜோடி அல்ல.

சேம்புக்கு வெப்பமும் ஈரமும் வேண்டும். உறைபனி பட்டால் இலை கருகிவிடும். 25 கிராம் அளவுள்ள விதைக்கிழங்கை வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளியில் நட்டு, மண் காயாமல் பார்க்க வேண்டும். நடுவில் தண்ணீர் தவறினால் கிழங்கு இடுப்பு சிறுத்து வளரும். மழை வந்ததும் மீண்டும் பருக்கும். அந்த வடிவத்தை வைத்தே, அறுத்துப் பார்க்காமலே பாசன ஒழுங்கு தெரிந்துவிடும். சேம்பு தரும் அரிப்புக்குக் காரணம் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் நுண்ணிய ஊசிகள். கிழங்கோ இலையோ, நன்றாக வேக வேண்டும்.

ஹேசல்நட்டுக்கு நேர்மாறாகக் குளிர்காலம் கட்டாயம். பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் தேவை. வெப்பமண்டலச் சமவெளியில் கன்று வாங்குவது வீண் செலவு. தன் மகரந்தம் தனக்கு ஒட்டாது. ஒத்துப்போகும் வேறு ரகம் ஒன்றாவது காற்று வரும் திசையில் இருக்க வேண்டும். ஒற்றை மரத்தில் ஆண்பூச்சரம் ஏராளமாகத் தொங்கும், காய் மட்டும் பிடிக்காது. வடிகால் இல்லாவிட்டால் வேர் அழுகும். அடியில் கிளைக்கும் தளிர்களை ஆண்டுதோறும் அகற்றாவிட்டால் மரம் புதராகிவிடும்.

சேம்பு ஓராண்டுக்குள் வெட்டுக்கு வரும். ஹேசல்நட்டுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஹேசல்நட் பருப்பு மாதக்கணக்கில் கெடாது. வெட்டியெடுத்த சேப்பங்கிழங்கையோ ஈரம் பட்டால் அழுகல் பிடிக்கும்.

இப்படிக்கு,
தோட்டக்கலை வாசகர்