மாறுவேட முதலாளிகளும் ஷிஃப்ட் ரிஜிஸ்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதலாளி மாறுவேடத்தில் தன் நிறுவனத்திலேயே தொழிலாளியாக வேலை பார்க்கும் 'அண்டர்கவர் பாஸ்' மாதிரியான தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் முதலாளிகளின் கண்ணைத் திறக்கின்றன என்று பாராட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அந்த நிகழ்ச்சியை நானும் விரும்பிப் பார்க்கிறவள்தான். ஒரு பெரிய கிடங்கில், பேக்கிங் பிரிவில், இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பிரிட்டனில் சேனல் 4 தொலைக்காட்சி 2009-ல் தொடங்கிய நிகழ்ச்சி இது. அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி 2010 பிப்ரவரி 7 அன்று, சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம் முடிந்த கையோடு, முதல் அத்தியாயத்தைப் போட்டது. சுமார் 3.86 கோடிப் பேர் பார்த்தார்கள். குப்பை அள்ளும் தொழிலில் இருக்கும் வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனத்தின் தலைவர் லாரி ஓ'டோனல், வேறு பெயரில் தன் நிறுவனத்திலேயே புது ஆளாக வேலைக்குச் சேர்கிறார். குப்பைமேட்டில் காற்றில் பறக்கிற காகிதங்களைப் பொறுக்குகிறார். வேகம் போதாது என்று அந்த வேலையிலிருந்து அனுப்பப்படுகிறார். இதைத்தான் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உங்கள் கட்டுரையாளரும் சொல்லியிருந்தார்.

என்னால் மறக்க முடியாதது அதே அத்தியாயத்தில் குப்பை வண்டி ஓட்டும் பெண்ணை. குறித்த நேரத்தில் சுற்றை முடித்தாக வேண்டும். கழிப்பறை தேடி வண்டியை நிறுத்தினால் நேரம் போய்விடும். அதனால் வண்டியிலேயே ஒரு டப்பாவில் சிறுநீர் கழிக்கிறார். ஓ'டோனல் ஆடிப்போகிறார். அந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது? அவர் மேஜையிலிருந்துதான். உற்பத்தித்திறனைக் கூட்டச் சொல்லி அவர் போட்ட இலக்கு கீழே இறங்கி இறங்கி, கடைசியில் ஒரு பெண்ணின் காலடியில் டப்பாவாக வந்து நின்றது. அதே அத்தியாயத்தில் இன்னொரு இடத்தில், சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் இரண்டு நிமிடச் சம்பளத்தைப் பிடிக்கும் வழக்கம் இருப்பது தெரியவருகிறது. தொழிலாளிகள் நேரப்பதிவு இயந்திரத்தை நோக்கி ஓடுகிறார்கள்.

இந்த இரண்டையும் வைத்தே ஒரு மணி நேரம் நிகழ்ச்சி நடத்தலாம். இலக்கைப் போட்டது யார், எந்த மட்டத்தில் அது இறுகியது, கீழே இருந்து யாராவது சொன்னார்களா, சொன்னது எங்கே நின்றுபோனது என்று தேடியிருக்கலாம். நிகழ்ச்சி அங்கே நிற்பதில்லை. கண்ணீர், இசை, கடைசியில் முதலாளி தான் யார் என்று சொல்லிப் பரிசு கொடுக்கும் காட்சி. இதற்கு 2012, 2013 இரண்டு ஆண்டும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது.

யாருமே சொல்லாததால்தான் முதலாளிக்குத் தெரியாமல் இருந்தது என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் விழுகிறது. நான் வருத்தப்படுவது இதற்குத்தான். நான் வேலை பார்த்த இடத்தில் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. கழிப்பறை கிடங்கின் மறுகோடியில் இருக்கிறது, பத்து நிமிட இடைவேளையில் போய்த் திரும்ப முடியவில்லை, மாதவிடாய் நாட்களில் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே ஷிஃப்டை ஓட்டுகிறார்கள் என்று அதில் திரும்பத் திரும்ப எழுதினேன். என் கையெழுத்தோடு அது மேலே போனது. மேலாளர் அதைச் சுருக்கினார், அவருக்கு மேலே இருந்தவர் அந்தச் சுருக்கத்தையும் சுருக்கினார். மாத அறிக்கையில் 'பணியாளர் நலன்: குறிப்பிடும்படி எதுவும் இல்லை' என்று அச்சாகி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். விக் வைத்துக்கொண்டு வந்து கண்டுபிடிக்க வேண்டிய ரகசியமா இது? ரிஜிஸ்டரைப் புரட்டினாலே போதும்.

மாறுவேடத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாளே தரை பளபளக்கும், எல்லோர் கைக்கும் புதுக் கையுறை வரும், பழுதான வண்டியை மூலையில் தள்ளித் தார்ப்பாய் போட்டுவிடுவார்கள். சொல்லாமல் வந்தால்தான் உண்மை தெரியும். ஆனால் இங்கேதான் கூடவே கேமரா வருகிறதே! வேறு ஏதோ நிகழ்ச்சிக்குப் படம் பிடிக்கிறோம் என்று பொய் சொல்லித்தான் தொழிலாளிகளை நம்ப வைக்கிறார்கள். தன் கடனையும் குழந்தையின் நோயையும் பக்கத்தில் நிற்கும் புது ஆளிடம் ஒருவர் மனம்விட்டுச் சொல்கிறார். அந்த ஆள்தான் தன் சம்பளத்தை நிர்ணயிப்பவர் என்பது அவருக்குத் தெரியாது.

பொற்கைப் பாண்டியன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். நகர்வலம் போன ராஜா, தான் தட்டிய கதவால் ஒரு பெண் மீது பழி விழக்கூடாது என்று தெருவில் இருந்த எல்லாக் கதவையும் தட்டினான். மறுநாள் சபையில் அந்தக் குற்றத்துக்குத் தன் கையையே வெட்டிக்கொண்டான். இந்த நிகழ்ச்சியில் முதலாளிகள் பெரும்பாலும் தட்டுவது கேமரா காட்டிய கதவை மட்டும்தான்.

2012-ல் மோடெல்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடைகளின் தலைவர் மிட்செல் மோடெல், வீடில்லாதோர் விடுதியில் பிள்ளைகளோடு தங்கியிருந்த ஒரு ஊழியருக்கு 2,50,000 டாலர் கொடுத்தார். அந்தத் தாய்க்குக் கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம், பார்த்து அழுதேன். அப்புறம் யோசித்தேன். அவர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் விடுதியில் தங்க வேண்டியிருந்தது என்றால், அதே சம்பளத்தில் இருந்த மற்றவர்கள் எங்கே தூங்கினார்கள்? அவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை. 2020 மார்ச்சில் அந்த நிறுவனம் திவாலாகிக் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலர். பல மாநிலங்கள் அதற்கு மேல் வைத்திருக்கின்றன என்றாலும், இத்தனை ஆண்டுகள் முதலாளிகள் திரையில் கண்கலங்கியும் அந்த எண் அசையவில்லை.

நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓராண்டு கழித்து அதே இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோகட்டும். பரிசு வாங்கியவர் பக்கத்தில் நின்று அதே வேலை செய்தவரிடம் பேசட்டும். எந்த விதி மாறியது, எந்த இலக்கு தளர்ந்தது என்று முதலாளியிடம் காகிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். ஓ'டோனலே 2010-ல், நிகழ்ச்சி வந்த சில மாதங்களில், அந்த நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். நிலைமையை மாற்றுவதாக நிகழ்ச்சியில் வாக்குக் கொடுத்தவர் போன பிறகு அந்த வாக்கு யார் பொறுப்பு என்று கேட்க ஒருவர் வேண்டாமா?

உங்கள் பத்திரிகையாவது கேட்கலாம். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, மாறுவேடம் போட்டவரை விட்டுவிட்டு, அவரோடு வேலை செய்த சூப்பர்வைசர்கள் அதற்கு முன்பே என்ன எழுதிக் கொடுத்திருந்தார்கள் என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர்