கால அட்டவணையில் ஆயத்தத்துக்கும் இடம் வேண்டும்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் நீங்கள் வகுக்கும் கால அட்டவணையில், பாடம் நடத்தும் வேளைகளைப் போலவே பாடத்துக்கு ஆயத்தமாகும் வேளைகளையும் குறித்து, அவற்றை ஆண்டு முழுவதும் காத்துத்தர வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் ஒருநாள், முந்தைய நாள் முழுவதும் பதிவேட்டு வேலையில் கழிந்துவிட்டதால், பாடநூலை ஒருமுறைகூடப் புரட்டாமல் கிரகணம் பற்றிய பாடத்தைத் தொடங்கினேன். சூரியன், நிலவு, புவி மூன்றையும் கரும்பலகையில் ஒரே நேர்க்கோட்டில் வரைந்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "ஒவ்வொரு அமாவாசைக்கும் நிலா நடுவுலதானே வருது சார், அப்ப மாசாமாசம் ஏன் சூரிய கிரகணம் வரல?" என்று கேட்டாள். நிலவின் சுற்றுப்பாதை புவியின் சுற்றுப்பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான அமாவாசைகளில் நிலவின் நிழல் புவியின் மீது படாமல் விலகிப் போகிறது என்பதே விடை. கல்லூரியில் படித்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. "பாடத்தில் இல்லாததைக் கேட்காதே" என்று உட்கார வைத்தேன். அந்த ஆண்டு முடியும் வரை அவள் என்னிடம் வேறெந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு முதல்நாள் மாலையே இரண்டு கம்பி வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சற்றுச் சாய்த்துக் கட்டி எடுத்துச் சென்றேன். இரு வளையங்களும் இரண்டே இடங்களில்தான் வெட்டிக்கொள்கின்றன என்பதையும், அந்த இடங்களை ஒட்டி அமாவாசை வந்தால்தான் சூரிய கிரகணம் நிகழும் என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பஞ்சாங்கம் இராகு, கேது என்று குறிப்பது இந்த வெட்டுப்புள்ளிகளைத்தான் என்று நான் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இதற்கு எனக்குத் தேவைப்பட்டது அரைமணி நேரம். பாடப்பொருளை அறிந்திருப்பது வேறு, பிள்ளை எங்கே தடுமாறும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருப்பது வேறு. பாடஞ்சொல்லும் முறையை வகுத்த நன்னூல், 'உரைக்கப்படும் பொருள் உள்ளத்து அமைத்து' என்பதை ஆசிரியர் வாய் திறப்பதற்கு முன்னதாகவே வைத்திருக்கிறது.

இன்று ஆயத்தத்தின் சான்றாக நாம் வைத்திருப்பது பாடக்குறிப்பேடு ஒன்றே. திங்கட்கிழமை காலையில் அது உங்கள் மேசைக்கு வருகிறது, நீங்கள் கையொப்பமிடுகிறீர்கள். சென்ற ஆண்டுக் குறிப்பை அப்படியே பெயர்த்தெழுதியிருந்தாலும் கையொப்பம் கிடைத்துவிடும்; நானும் அப்படி எழுதியவன்தான். சோம்பல் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெருங்காரணம் நேரமின்மை. வாரத்தின் 40 பாடவேளைகளில் 28 எனக்கு வகுப்புகளாகவே இருந்தன. எஞ்சிய 12-இல் விடுப்பிலிருப்போரின் வகுப்புகளும், எமிஸ் என்னும் கல்வித்துறைக் கணினித் தளத்தில் செய்யும் பதிவுகளும், நோட்டுத் திருத்தமும் போக, ஒன்றிரண்டு மிஞ்சினாலே அது நல்ல வாரம்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் ஆசிரியரின் வாராந்திரப் பணிநேரத்தைக் குறைந்தது 45 மணி என்று வரையறுக்கும்போது, ஆயத்த நேரத்தையும் அதற்குள்ளேயே சேர்த்திருக்கிறது. ஆகவே நான் கேட்பது சலுகையன்று. பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆளனுப்பவே நீங்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அத்தகைய பள்ளிகளிலும் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளைகளையேனும், பதிலி வகுப்புக்கோ கணினிப் பதிவுக்கோ எடுக்கக்கூடாதவை என்று அட்டவணையிலேயே எழுதிவைக்க முடியும். ஒரே பாடம் நடத்தும் இருவர் இருந்தால் அவ்வேளைகள் இருவருக்கும் ஒன்றாக அமையட்டும். என்னைவிட இளையவர் ஒருவரோடு பேசித்தான் மின்சுற்றுப் பாடத்தை நான் திருத்திக்கொண்டேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. குறிப்பேட்டில் கையொப்பமிடும்போது வாரம் ஓர் ஆசிரியரையேனும் அருகில் அமர்த்தி, "இந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்கு எந்த இடம் புரியாமல் போகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை அந்தக் குறிப்பேட்டிலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்