“மொதல்ல அந்த லாக்கைத் தள்ளுங்கம்மா”

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா தன் பழைய ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் அடித்து, பதினொரு ஃப்ளாப்பி டிஸ்க்குகளில் விட்டுப்போன நெல் சொற்கள் அகராதியைப் பற்றித்தான் இது. நேற்று இரவு பதினொன்றரைக்கு ஒன்பதாவது ஃப்ளாப்பியும் திறந்துவிட்டது. சொற்கள் கிடைத்துவிட்டன. மூன்று மாதமாக என் புலம்பலைக் கேட்டவர்கள் நீங்கள், அதனால் கதையை முதலிலிருந்து சொல்லி உங்களை வதைக்கப் போவதில்லை. தலைத்திவசத்துக்குள் புத்தகம் வந்துவிடும். அது போதும்.

பெரிய நன்றி, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவின் ஐயாவுக்கு. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். யாரோ கொடுத்த எண்ணில் அவரைக் கூப்பிட்டபோது, அப்பாவின் முதல் டிஸ்க் பிசியில் செருகிய யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவுக்குள் இருந்தது. ஃபார்மேட் ஆகாத டிஸ்க், இப்போது ஃபார்மேட் செய்யட்டுமா என்று திரையில் கேள்வி. சரி என்று கொடுத்தால்தான் திறக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் மௌஸ் மேலேயே இருந்தது. எந்த மாடல், எந்த வருடம் என்று நான் ஒப்பிக்க ஆரம்பித்ததுமே குறுக்கிட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும். டிஸ்க்கை வெளிய எடுத்துட்டு, மொதல்ல அந்த லாக்கைத் தள்ளுங்கம்மா. மூலையில ஓட்டை தெரியணும். எல்லாத்தையும் தள்ளிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

பதினொரு டிஸ்க், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி பிளாஸ்டிக் தாழ், அதுதான் லாக். சிலதை நகத்தால் நெம்பினேன். நான்கு இறுகிப்போயிருந்தன, பேனா முனையால் குத்தித் தள்ளவேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மறுமுனையில் ஒரு “ம்”. ஒன்பதோடு நான் நிறுத்தியபோது, “இன்னும் ரெண்டு இருக்குதே” என்றார். அந்த ஓட்டை திறந்திருந்தால் டிரைவ் எதையும் எழுதாது, ஃபார்மேட்டும் செய்யாது என்பதை அப்புறம்தான் விளக்கினார். மொத்தம் பத்து நிமிடம். காசு பற்றிப் பேச்சே வரவில்லை. நான் அன்று ‘சரி’யை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நடுராத்திரியில் யோசிக்கிறேன்.

அதற்கு முன் ஒரு கடையில் “செத்துப்போச்சு” என்று திருப்பிக் கொடுத்திருந்தார்கள். சாகவில்லை, பிசி டிரைவுக்கு மேக் டிஸ்க்கைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். 1986-ல் மேக் பிளஸ் கம்ப்யூட்டருடன் வந்த 800 கே (கிலோபைட்) டிரைவ், படிக்கும் ஹெட் உள்ளே நகர நகரத் தட்டைச் சுற்றும் வேகத்தைக் கூட்டும். அதனால் வெளித் தடங்களில் ஒவ்வொன்றிலும் 12 செக்டார் (தகவல் துண்டு), உள்ளே 8. பிசியின் 720 கே டிஸ்க்கிலோ எங்கும் நிமிடத்துக்கு ஒரே 300 சுற்று, எங்கும் 9 செக்டார். எழுதும் முறையும் வேறு. வெளியே பார்த்தால் இரண்டும் அதே மூன்றரை இஞ்ச் பிளாஸ்டிக்தான், அதுதான் ஏமாற்றுகிறது.

பழைய ஃப்ளாப்பிகளைப் படிக்க டிரைவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டும் கிரீஸ்வீசல் போர்டைத் தன் செலவில் கூரியர் செய்த கோவைத் தம்பி, அதை உருவாக்கி, அதன் மென்பொருளை ஊருக்கே இலவசமாகக் கொடுத்துவிட்ட கீர் ஃப்ரேசர், பழைய சிபியுவிலிருந்து டிரைவைக் கழற்றித் தந்த பக்கத்து வீட்டு மாமா, எல்லோருக்கும் நன்றி. அந்த போர்டு காந்தத் துடிப்புகளின் இடைவெளியை மட்டும் அப்படியே பதிந்துகொள்கிறது, பிரித்துப் படிப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அதனால் சாதாரண பிசி டிரைவே போதுமானதாக இருந்தது.

திறந்த பிறகு இன்னொரு கூத்து. அந்தக் காலத்து எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தது. இப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் பயன்படுத்தும் யூனிக்கோடில் ‘கொ’வுக்கு ககரம் முன்னால் வரவேண்டும். அப்பாவோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என்று அடித்திருந்தார். இதற்கெல்லாம் உட்கார்ந்து அட்டவணை போட்ட அக்காவுக்கு ஒரு பட்டுப்புடவையே கடன்பட்டிருக்கிறேன்.

முதலில் சரியாக வந்த வரி இது: “கருக்காய்: பால் பிடிக்காத நெல். அம்மா கோழிக்குப் போடுவாள்.” அகராதியில் பாட்டி எப்படி வந்தாள் என்று கேட்க ஆளில்லை. அழித்துத் திருத்தப் போவதும் இல்லை.

டிரைவும் போர்டும் என் வீட்டில்தான் இருக்கும், தம்பி சம்மதித்துவிட்டார். யாரிடமாவது பழைய மேக் டிஸ்க் இருந்தால் கூப்பிடுங்கள். லாக்கைத் தள்ளிவிட்டுப் பேசுங்கள். நானும் லைனிலேயே இருப்பேன்.

மீதி இரண்டு டிஸ்க்கிலும் பூஞ்சை. வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் ஐயா. “அதுவரைக்கும் டிரைவ்ல போட்டுராதீங்க, ஹெட்டு அழுக்காயிடும்” என்று இரண்டு தடவை சொன்னார்.