மோட்டர் ஓடாத கிணறும் முடிவில்லாத மீளாய்வுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐக்கிய நாடுகள் சபையைச் சீர்திருத்தும் ‘யு.என். 80’ முயற்சி பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். நான் மட்டக்களப்புப் படுவான்கரையில் இருபத்தாறு வருசம் கிராம உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவன். ஊரில் இன்னும் ‘விதானையார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நியூயோர்க்கில் நடப்பதற்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். மீளாய்வுக் குழு என்று வெள்ளை வாகனம் வந்து நின்ற போதெல்லாம் கதிரை தேடி ஓடியவன் நான்தான்.

2007 இல் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த எங்கள் சனத்துக்கு ஒரு சர்வதேச அமைப்பு பொதுக் கிணறு கட்டித் தந்தது. தாங்கி, மோட்டர், ஆறு பைப் எல்லாம் இருந்தன. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். எட்டாம் மாதம் மோட்டர் எரிந்து போனது. பட்டிருப்புப் பாலம் தாண்டி களுவாஞ்சிகுடிக்குக் கொண்டு போனோம். திரும்ப வைண்டிங் செய்யப் பதினோராயிரம் ரூபாய் கேட்டார்கள். அமைப்புக்குக் கடிதம் எழுதினேன். காசு வரவில்லை, மதிப்பீட்டுக் குழு வந்தது.

முதல் குழு, பராமரிப்புப் பயிற்சி போதாது என்று எழுதியது. இரண்டாவது குழு, அந்தப் பயிற்சி நடந்ததா என்று பார்க்க வந்தது. மூன்றாவது குழு பெண்களின் பங்கேற்பைக் கேட்டது. நாலாவது, முந்திய மூன்று குழுக்களும் சரியாகக் கேட்டனவா என்று கேட்டது! மூன்று வருசத்தில் என் வருகைப் புத்தகத்தில் ஏழு குழுக்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஒருநாள் மொழிபெயர்க்க வந்த பொடியனிடம் ஒரு ஆச்சி சொன்னா: “மனே, போனமுறை வந்தவங்களுக்குச் சொன்னதையே எழுதிக்கங்க. மறுகா மறுகா கேட்டா மோட்டர் ஓடிருமா?” பொடியன் அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னானோ தெரியாது, வெள்ளைக்காரப் பிள்ளை சிரித்துத் தலையாட்டி எழுதிக்கொண்டது.

வந்தவர்கள் யாரும் பொல்லாதவர்கள் இல்லை. வெயிலில் வந்தார்கள், தந்த தேத்தண்ணியைக் குடித்தார்கள், கவனமாகக் கேட்டார்கள். ஆனால் பதினோராயிரம் ரூபாயை எடுத்துக் கொடுக்கிற அதிகாரம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. கடைசியில் மாதர் சங்கத்துப் பெண்கள் சீட்டுக் காசில் மோட்டரைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகும் ஒரு குழு வந்து, சமூகம் தானே முன்வந்தது நல்ல பெறுபேறு என்று எழுதிக்கொண்டு போனது.

உலக அளவிலும் கதை இதுதான். செயலாளர் நாயகம் அன்ரனியோ குட்டரெஸ் 2025 இல் சொன்ன கணக்கின்படி, முந்திய வருசத்தில் மட்டும் ஐ.நா. 27,000 கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. செயலகம் 1,100 அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. ஐந்தில் ஒரு அறிக்கையை ஆயிரம் தடவைகூட யாரும் தரவிறக்கவில்லை. தரவிறக்கியவர்கள் எல்லாரும் வாசித்தார்கள் என்றும் இல்லை என அவரே சொல்லிவிட்டார். இதைச் செய், அதைச் செய் என்று உறுப்பு நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுத்த பழைய ஆணைகளைக் களைந்தெடுப்பதும் புது யோசனை அல்ல. 2005 உச்சிமாநாட்டில் இதையே முடிவெடுத்து, 2006 இல் பட்டியல் போட்டு, ஓரிரு வருசத்தில் அது சோர்ந்து படுத்துவிட்டது. இப்போது எழுப்பியிருக்கிறார்கள்.

சீர்திருத்தமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களைப் பற்றியே ஒரு மீளாய்வு நடந்ததே. 2009 இல் வன்னியில் போரின் கடைசி மாதங்களில் ஐ.நா. எப்படி நடந்துகொண்டது என்று சார்ள்ஸ் பெற்றி தலைமையிலான உள்ளகக் குழு ஆராய்ந்து, 2012 நவம்பரில் ‘தவறிவிட்டோம்’ என்று எழுதியது. தன் குறையைத் தானே எழுதுவது லேசான காரியம் அல்ல. அதை வைத்து 2013 இல் மனித உரிமைகளை முன்னிறுத்தும் ஒரு திட்டத்தையும் தொடங்கினார்கள். பிறகு மியன்மாரில் ரோகிஞ்சாக்களுக்கு நடந்ததை உலகம் பார்த்தது. 2019 இல் கேர்ட் ரோசந்தால் ஐ.நா.வுக்காக எழுதிய மீளாய்வு, அங்கேயும் ஐ.நா. கட்டமைப்பே தவறிவிட்டது என்றது. ஏழு வருச இடைவெளியில் ஒரே பாடத்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள். முதல் அறிக்கை சொன்னதைச் செய்து முடித்தார்களா என்று பார்க்காமலே இன்னொரு அழிவு வரைக்கும் போயிற்று. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது சின்ன விசயம். ஒரு மீளாய்வு தொடங்கும்போதே அது முடியும் திகதியைச் சொல்ல வேண்டும். முந்தியது சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சம்பந்தப்பட்ட சனத்துக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

திகதி போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐ.நா. சாசனமே சாட்சி. அதன் 109 ஆம் உறுப்புரை சாசனத்தை மீளாய்வு செய்யும் மாநாடு பற்றிப் பேசுகிறது. 1955 இல் பொதுச் சபை, ‘தகுந்த காலத்தில்’ அந்த மாநாட்டைக் கூட்டுவது என்று தீர்மானித்தது. இலங்கை ஐ.நா.வில் சேர்ந்ததும் அதே வருசம் டிசம்பரில்தான். எழுபது வருசமாகியும் தகுந்த காலம் வரவில்லை. பாதுகாப்புச் சபையை மாற்றியமைக்க 1993 இல் போட்ட குழுவுக்கும் முடிவுத் திகதி இல்லை. 2009 இல் தொடங்கிய அரசுகளுக்கிடையிலான பேச்சும் அப்படியே இழுபடுகிறது. 1965 இல் உறுப்பினர் தொகை 11 இலிருந்து 15 ஆனதோடு சரி.

எல்லை போடுவதில் ஆபத்தும் உண்டு. ‘போதும், முடித்துவிடுவோம்’ என்ற சொல்லைக் கேட்டு எங்கள் சனம் பட்டபாடு கொஞ்சமல்ல. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்க்கு யாரும் திகதி போடக் கூடாது. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறும் தீர்மானத்தை நிறைவேற்ற 2017 இல் இரண்டு வருசம், 2019 இல் இன்னும் இரண்டு வருசம் என்று கால அவகாசம் கிடைத்தது யாருக்கு? அரசாங்கத்துக்கு. 2020 பெப்ரவரியில், புதிதாக வந்த அரசாங்கம் அந்தத் தீர்மானத்திலிருந்தே விலகிக்கொண்டது. 2021 இல் கொழும்பில் முந்திய ஆணைக்குழுக்கள் கண்டதை ஆராய இன்னொரு ஆணைக்குழு வேறு! என் ஏழு குழுக்களின் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசியில் கதவு திறந்தால் கடைசி நாள் குளிர்த்தி வரைக்கும் சடங்கு. அது முடிந்த கிழமை, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் கணக்கை வாசிப்பார். கேட்கிறவர் கேட்கலாம், சண்டையும் பிடிக்கலாம், பிடித்தும் இருக்கிறார்கள். ஆனால் போன வருசம் எழுதி வைத்த குறை தீர்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் வராமல் புதுக் கணக்கை யாரும் திறக்க விடமாட்டார்கள். மனித உரிமைகள் பேரவையும் இதில் கொஞ்சம் பரவாயில்லை. 2006 இல் தொடங்கி, 2011 இல் மீளாய்வு செய்தபோது, ஐ.நா.வுக்குள் அதன் அந்தஸ்தை அடுத்து ஆராய்வது பத்து வருசத்துக்கு முந்தியும் இல்லை, பதினைந்து வருசத்துக்குப் பிந்தியும் இல்லை என்று வரம்பு போட்டார்கள்.

போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தது. மீள்குடியேற்றக் காலத்துத் திட்டங்கள் நிலைத்தனவா என்று பார்க்கிறார்களாம், ஒரு மணித்தியாலம் தர முடியுமா சேர் என்று கேட்டது. வாங்க பிள்ளை, வரும்போது போனமுறை எழுதின அறிக்கையையும் கொண்டு வாங்க என்றேன். அது இங்கிலீசில்தான் இருக்கும் சேர் என்றது. பரவாயில்லை, மகள் வாசித்துச் சொல்லுவாள் என்றேன். தேடிப் பார்த்துவிட்டு எடுப்பதாகச் சொல்லி வைத்தது. இன்னும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
இளைப்பாறிய கிராம உத்தியோகத்தர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.